நாஹாவில் குடியேற வருகிறவருக்கு: மேடு பார்த்து வீடு, காற்று பார்த்து வாழ்க்கை

தம்பி, மார்ச் கடைசியில் மனைவி, நான்கு வயது மகளோடு ஒகினாவாவின் தலைநகரான நாஹாவுக்கு வேலைக்கு வருகிறீர்கள். எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது, கார் இல்லாமல் காலம் தள்ளலாமா, சைவத்துக்கு என்ன வழி, "சென்னை வெயில், டோக்கியோ வசதி" என்கிறார்களே உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இரண்டுமே இல்லை.

சென்னையின் 40 டிகிரி இங்கே வராது. சுற்றிலும் கடல் என்பதால் ஆகஸ்டில்கூட 35-ஐத் தாண்டுவது அபூர்வம். ஆனால் ஈரப்பதமும் நேர் வெயிலும் ஆளைச் சாய்த்துவிடும். ஜனவரி சராசரி சுமார் 17 டிகிரி. கேட்கச் சுகமாகத்தான் இருக்கும். வடக்குக் காற்றும் வாரக்கணக்கில் விலகாத மேகமும் சேரும்போது ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. டோக்கியோ 1,500 கிலோமீட்டருக்கு அப்பால், விமானத்தில் இரண்டரை மணி நேரம். தைவானின் தைபே அதில் பாதித் தூரம்கூட இல்லை. ஊரின் குணமும் அந்தத் தூரத்துக்குத் தகுந்தபடிதான். 1429 முதல் 1879 வரை இது ரியூக்யூ என்ற தனி அரசு. 1945 போரில் தரைமட்டமாகி, 1972 மே 15 வரை அமெரிக்க ஆட்சியில் இருந்தது. 1978 ஜூலை 30 வரை வண்டிகள் சாலையின் வலப்பக்கம்தான் ஓடின.

வீட்டு விஷயத்துக்கு வருவோம். தீவு வடக்கு தெற்காக நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளும். நாஹா அதன் தென்மேற்குக் கரையில். வெறும் 40 சதுர கிலோமீட்டரில் மூன்று லட்சத்துக்கு மேல் ஜனம். பழைய நாஹா ஒரு சிறு தீவுத் திட்டு. 15ஆம் நூற்றாண்டில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் கரை போட்டு அதை நிலத்தோடு சேர்த்தார்கள். கீழே துறைமுகம், மேலே நூறு மீட்டருக்கு மேல் உயரத்தில் ஷுரி குன்றும் அரசரின் கோட்டையும். 1950-களில் ஷுரி, ஒரோகு, மவாஷி மூன்றையும் நாஹாவோடு இணைத்தார்கள். இன்றைக்கும் இந்த நான்கும் நான்கு ஊர் மாதிரிதான். வாடகையும் வாழ்க்கையும் அதன்படி மாறும்.

ஜப்பானின் மற்ற ஊர்களில் ஓடும் ஜேஆர் ரயில் இங்கே கிடையாது. இருப்பது யூய் ரெயில் என்ற மோனோரெயில் ஒன்றுதான். 2003-இல் ஓடத் தொடங்கி, 2019-இல் பக்கத்து ஊரான உராசோயே வரை நீண்டது: 17 கிலோமீட்டர், 19 நிலையங்கள். விமான நிலையத்திலிருந்து ஷுரிக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. நிலப்படத்தில் முதலில் இந்த ரயில் பாதையைப் பாருங்கள்.

விமான நிலையத்தை ஒட்டிய அகாமினே, ஒரோகு பகுதி வசதியானது. ஒரோகு நிலையத்தை ஒட்டியே பெரிய இயோன் கடை இருக்கிறது. குறை சத்தம். ஓடுபாதையை ஜப்பானின் ராணுவமான தற்காப்புப் படையும் பயன்படுத்துகிறது. போர் விமானம் கிளம்பும்போது பேச்சை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். ஒமொரோமாச்சி அமெரிக்கக் குடியிருப்பாக இருந்து 1987-இல் திரும்பி வந்த நிலம். அதனால்தான் அங்கே மட்டும் தெருக்கள் அகலமாக, நேராக ஓடுகின்றன. வாடகையும் நிமிர்ந்தே நிற்கும். கொகுசாய் தெருவைச் சுற்றிய மாகிஷி பக்கம் தனியாளுக்குச் சரி. இரவு ஓயாது, அசாதோ ஆற்றை ஒட்டிய தாழ்நிலம் பெருமழையில் தண்ணீர் ஏறும் இடம். மவாஷியில் வாடகை குறையும், ஆனால் ரயில் தூரம், சந்துகள் குறுகல், ஏற்றம் செங்குத்து.

குழந்தையோடு வருகிறவருக்கு என் சிபாரிசு ஃபுருஜிமாவிலிருந்து இஷிமினே வரை உள்ள மேட்டுப் பகுதி. நகராட்சி மருத்துவமனைக்கு அதே பெயரில் நிலையம் இருக்கிறது. காற்றோட்டம் உண்டு, தண்ணீர் தேங்காது, சுனாமி எச்சரிக்கை வந்தாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். 2024 ஏப்ரல் 3 தைவான் நிலநடுக்கத்தின்போது இந்தக் கரைக்கு எச்சரிக்கை விடுத்து விமானங்களையும் நிறுத்தினார்கள். ஒப்பந்தத்துக்கு முன் நகராட்சியின் அபாய வரைபடத்தில் அந்த முகவரியைத் தேடிப் பாருங்கள். மேட்டுக்கு ஒரு விலை உண்டு: "நிலையத்திலிருந்து 10 நிமிடம்" என்ற விளம்பரம் சமதளக் கணக்கு. சாதாரண சைக்கிள் இங்கே உதவாது, மின்சார உதவி உள்ளதாக வாங்க வேண்டும்.

இங்கே வீடுகள் பெரும்பாலும் கான்கிரீட். மர வீடு புயலுக்கும் கரையானுக்கும் தாங்காது. கான்கிரீட் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் விடும். மொட்டை மாடிக்கு நேர் கீழ்த் தளமும் மேற்குப் பார்த்த படுக்கையறையும் வேண்டாம். குளியலறையில் ஜன்னல் இருக்கிறதா, அலமாரியின் உள்மூலையில் கருப்புப் புள்ளி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். புது சுவர்த்தாள் ஒட்டி மறைத்த பூஞ்சை மே மாதமே வெளியே வந்துவிடும். சமையல் எரிவாயு குழாய் வழி வருகிறதா, சிலிண்டரா என்றும் கேளுங்கள். சிலிண்டர் என்றால் செலவு கூடும். பழைய வீடுகளின் கூரையில் தண்ணீர்த் தொட்டி தெரியும். 1981-82-இல் 326 நாள் தண்ணீர்க் கட்டுப்பாடு இருந்த ஊர் இது. அணைகள் எல்லாம் வடக்கே, குடிக்கிறவர்கள் எல்லாம் தெற்கே.

மே பத்து வாக்கில் மழைக்காலம் தொடங்கி ஜூன் இருபது வாக்கில் முடியும். அந்த ஆறு வாரத்தில் தோல் செருப்பு, பெல்ட், பட்டுச் சேலை எல்லாவற்றிலும் வெண்பூஞ்சை படரும். ஈரம் உறிஞ்சும் கருவி அவசியம். கம்ப்ரசர் வகை, ஒரு நாளைக்கு 10 லிட்டராவது எடுப்பதாக, வடிகுழாய் மாட்டக்கூடியதாக வாங்குங்கள். குழாய் இல்லாவிட்டால் நீங்கள் அலுவலகத்தில் இருக்கும்போதே தொட்டி நிரம்பிக் கருவி நின்றுவிடும். பீரோவைச் சுவரிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். ஏசியின் வெளிப்பெட்டி உப்புக் காற்றைத் தாங்கும் வகையா என்று பார்த்து வாங்குங்கள். சாதாரணப் பெட்டி சீக்கிரம் துருவேறும்.

புயல் ஜூலை முதல் செப்டம்பர் வரைதான் மும்முரம். முதல் நாளே பால்கனியில் இருக்கும் துணிக்கம்பி, பூந்தொட்டி, சைக்கிள் எல்லாம் உள்ளே வந்துவிட வேண்டும். ஜன்னல் இடுக்குகளில் பழைய துண்டைச் சுருட்டி வையுங்கள். காற்று மழையைக் கீழிருந்து மேலாகத் தள்ளும், அலுமினியத் தடத்தின் துளை வழியே தண்ணீர் கொப்பளித்து வரும். குளியல் தொட்டியை நிரப்பி வைத்தால் மின்சாரம் போய் மோட்டார் நின்றாலும் கழிவறைக்கு ஆகும். கையடக்க எரிவாயு அடுப்பு, டப்பாக்கள், டார்ச். பேருந்தும் மோனோரெயிலும் நின்றால் பள்ளிக்கூடம், அலுவலகம் எல்லாம் பெரும்பாலும் விடுமுறை. யூனியன் என்ற சூப்பர் மார்க்கெட் கடைசி வரை திறந்திருக்கும். "யூனியனே மூடிவிட்டது" என்றால்தான் பெரும்புயல் என்பது உள்ளூர்க் கேலி.

புதிதாக வருகிறவர்கள் ஏமாறுவது புயலுக்குப் பின். பாலும் ரொட்டியும் காய்கறியும் நிறைய கப்பலில் வருகின்றன. காற்று ஓய்ந்தாலும் அலை ஓய்ந்து கப்பல் வர மேலும் சில நாள் ஆகும், அதற்குள் அலமாரி காலி. 2023 ஆகஸ்டில் வந்த கனூன் புயல் கடந்து போய், மறுபடி திரும்பி வந்தது. அப்போது லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் இல்லை. ஆகவே இரண்டு நாளுக்கு அல்ல, ஐந்து நாளுக்குக் கணக்குப் போட்டு அரிசி, பருப்பு, பால்பவுடர் வையுங்கள். புயல் போனதும் காரையும் ஜன்னலையும் ஏசி வெளிப்பெட்டியையும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். உப்பு காய்ந்து படிந்தால் தின்றுவிடும்.

கார் வேண்டுமா? வேலையும் வீடும் மோனோரெயில் கோட்டில் இருந்தால் முதல் வருடம் வேண்டாம். நாஹாவுக்குள் கார் நிறுத்த மாதம் 10,000 யென் முன்பின் போகும், காலை மாலை நெரிசலும் மோசம். சில சாலைகளில் காலையும் மாலையும் பேருந்துக்கு மட்டுமேயான தடம் உண்டு. தெரியாமல் புகுந்தால் அபராதம். ஆனால் வடக்கே ஒன்னா கிராமம், நகோ பக்கம் போக, தீவைப் பார்க்க, கார் இல்லாமல் சரிவராது. ஒன்னாவில் உள்ள ஓயிஸ்ட் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் நம்மவர்கள் உட்பட இந்தியர்கள் இருக்கிறார்கள். அவர்களைச் சந்திக்கப் போவதென்றாலும் காரில் ஒரு மணி நேரம் பிடிக்கும்.

இந்தியாவில் எடுக்கும் சர்வதேச உரிமம் இங்கே ஒரு வருடம் செல்லும். நடுவில் ஊருக்குப் போய் மூன்று மாதத்துக்குள் திரும்பினால் அந்த ஒரு வருடம் புதிதாகத் தொடங்காது. இது தெரியாமல் உரிமம் இல்லாத ஓட்டுநராக மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. ஜப்பான் உரிமமாக மாற்ற டொமிகுசுகுவில் உள்ள உரிம மையத்துக்குப் போக வேண்டும். இந்திய உரிமம் வாங்கிய பின் அங்கே மூன்று மாதமாவது இருந்ததற்குச் சான்று கேட்பார்கள், பழைய பாஸ்போர்ட்டையும் எடுத்து வாருங்கள். 2025 அக்டோபரிலிருந்து எழுத்துத் தேர்வு 50 கேள்வி, 90 சதவீதம் தேர்ச்சி. ஓட்டிக் காட்டும் தேர்வில் நம்மவர் தோற்பது பெரும்பாலும் மூன்று இடத்தில்: நிறுத்தக் கோட்டில் சக்கரம் முழுதாக நிற்காதது, திரும்புமுன் தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்காதது, இடது திருப்பத்துக்கு முன்பே ஓரத்தை ஒட்டாதது. தார்ச் சாலையில் இங்கத்திய பவளச் சுண்ணாம்புக்கல் கலப்பதால் மழையில் வழுக்கும். புது டயர்கூட ஏமாற்றும். நம்பர் பலகையில் 'ஒய்' எழுத்து உள்ள வண்டி அமெரிக்கப் படையினருடையது.

சாப்பாடு. வெளியே சைவம் கஷ்டம், வீட்டில் சுலபம். 'ஒகினாவா சோபா' என்ற நூடுல்ஸின் ரசம் பன்றி எலும்பும் மீனும் போட்டது. 'சம்ப்புரூ' என்ற பொரியலில் பன்றி இறைச்சி இல்லை என்றாலும் மேலே உலர்ந்த மீன் சீவல் தூவுவார்கள். "இறைச்சி வேண்டாம்" என்றால் பன்றியை மட்டும் எடுத்துவிட்டுக் கொண்டு வருவார்கள். "மீன் சாறும் வேண்டாம்" என்று தனியாகச் சொல்ல வேண்டும். சந்தையிலோ பாகற்காய், பீர்க்கங்காய் இனத்து நாபேரா, பப்பாளிக்காய், வெண்டைக்காய், பச்சை மஞ்சள் எல்லாம் கிடைக்கும். கோடையில் பாகற்காய் அடிமாட்டு விலை. உள்ளூர் டோஃபு கட்டி பெரியது, கெட்டியானது. காலையில் சூடாக வரும், எண்ணெயில் பொரித்தால் உடையாது. புழுங்கலரிசி, பருப்பு, புளி எல்லாம் இணையத்தில் வரவழைக்க வேண்டும். "ஒகினாவா, தீவுகள் தவிர" என்ற சிறிய எழுத்தைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அனுப்புகூலி பொருளின் விலையை மிஞ்சிவிடும். பேட்டரி உள்ள பொருள் பெரும்பாலும் கப்பலில்தான் வரும், ஒரு வாரம் பொறுக்க வேண்டும். இதில் வேடிக்கை, அவமோரி சாராயம் காய்ச்சத் தாய்லாந்து நீள அரிசி இறக்குமதி ஆகிறது; நம் உலைக்குத்தான் அது எட்டுவதில்லை.

மிக்ஸி கொண்டு வருவதென்றால் அமெரிக்காவுக்கென விற்கும் 110 வோல்ட் மாடலாக வாங்குங்கள். இங்கே 100 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். கொஞ்சம் மெதுவாகச் சுற்றும், அவ்வளவுதான். ஊரில் ஓடும் 750 வாட் மிக்ஸிக்கு 1,500 விஏ மின்மாற்றி வேண்டும், அதன் எடை உங்கள் பெட்டியைத் தின்றுவிடும். கருவேப்பிலைச் செடி, விதை எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். விமான நிலையத்திலேயே பறிமுதல் ஆகும்.

மனிதர்கள் டோக்கியோவைவிட இளகியவர்கள், நேரத்தில் தாராளம். மாதாமாதம் கூடிப் பணம் போட்டு முறைவைத்து எடுக்கும் 'மோஆய்' நம் ஊர்ச் சீட்டேதான். அலுவலகத்தில் கூப்பிட்டால் சின்னத் தொகையில் சேருங்கள், அதைவிட நல்ல அறிமுகம் கிடைக்காது. தெருக்குத்து வீடுகளின் சுவரில் பதித்த எழுத்துக் கல்லை மகள் உதைத்து விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கெட்ட ஆவி நேரே உள்ளே புகாமல் தடுக்க வைத்தது. ஜூன் 23 போரில் இறந்தவர்களின் நாள், மாவட்ட விடுமுறை, நண்பகலில் ஒரு நிமிட மௌனம். ராணுவத் தளங்களைப் பற்றி முந்திக்கொண்டு கருத்துச் சொல்ல வேண்டாம். ஒரே குடும்பத்தில் ஒருவர் தளத்தில் வேலை பார்ப்பார், இன்னொருவர் எதிர்த்துக் கொடி பிடிப்பார். சம்பளம் ஜப்பானிலேயே கீழ்ப்படியில்தான். குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,000 யென்னைத் தாண்டியதே 2025 இறுதியில்.

கடலில் மகளை இறக்குவதென்றால் கோடையில் வலை கட்டிய கடற்கரையில் மட்டும். ஹபு என்ற விஷ ஜெல்லிமீன் கொட்டினால் தேய்க்காமல் வினிகரை நிறைய ஊற்ற வேண்டும். நீலக் குமிழ் மாதிரி மிதக்கும் 'போர்த்துகீசிய மேன் ஓ வார்' கொட்டினால் வினிகர் கூடாது.

இன்னும் டிக்கெட் போடவில்லை என்றால் ஒன்று. ஹாங்காங், தைபே வழியாக நேரே நாஹாவில் இறங்குவது மலிவாகத் தெரியும். ஆனால் வெளிநாட்டவருக்கு அடையாள அட்டையான குடியிருப்பு அட்டையை நாஹா விமான நிலையத்தில் கையில் தரமாட்டார்கள். முகவரி பதிந்த பிறகு தபாலில் வரும், அதுவரை வங்கிக் கணக்கும் போன் இணைப்பும் இழுபடும். நரிதா, ஹனேடா, கன்சாய், ஃபுகுஓகா இவற்றில் ஒன்றின் வழியாக ஜப்பானுக்குள் நுழைந்து அட்டையை வாங்கிக்கொண்டு, உள்நாட்டு விமானத்தில் வாருங்கள். வீடு அமைந்த 14 நாளுக்குள் இசுமிசாகியில் உள்ள நகராட்சியில் மூவரும் நேரில் பதிந்துவிட்டு, அன்றைக்கே மருத்துவக் காப்பீட்டையும் மகளின் பாலர் பள்ளி விண்ணப்பத்தையும் கேட்டுவிடுங்கள். ஏப்ரலில் இடம் நிரம்பியிருக்கும், காத்திருப்போர் பட்டியலில் முன்னால் நிற்பதுதான் வழி.