உதட்டுக்குள் ஒதுக்கிய பொட்டலம்: டாக்டரிடம் கேளுங்கள்

ஒன்பதாவது படிக்கும் மகனின் சட்டைப் பையில் டீ பேக் மாதிரி குட்டிப் பைகள். "வாய் மணக்கப் போடுவதும்மா" என்கிறான். நிஜமா டாக்டர்?

இல்லைம்மா, அது புகையிலை. பையன்கள் கூல் லிப் என்பார்கள். கீழ் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொண்டால் வகுப்பில் உட்கார்ந்தபடியே நிக்கோடின் ரத்தத்தில் ஏறிவிடும். புகை இல்லை, புதினா வாசனை வேறு. வீட்டில் எப்படித் தெரியும்?

உதட்டை மெல்ல மடக்கிப் பாருங்கள். பை வைக்கும் இடம் சுருங்கி வெளுத்திருக்கலாம், ஈறு இறங்கியிருக்கலாம். அப்படியென்றால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பாக்கும் போடுகிறவன் என்றால் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் விடச் சொல்லுங்கள். நுழையவில்லையா, டாக்டரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

விட்ட முதல் சில நாள் எரிந்து விழுவான், தலைவலி என்பான், தூங்கமாட்டான். நிக்கோடின் இறங்குவதால் வருவது அது. திமிர் என்று நினைத்து அந்த நேரத்தில் கை ஓங்கினால் மறுபடி பெட்டிக்கடைக்குத்தான் போவான். 1800-11-2356, புகையிலையை விட உதவும் இலவச எண். அவனையே பேச வையுங்கள்.

விற்ற கடைக்காரரை ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். சிறார் நீதிச் சட்டம் 77-வது பிரிவின்படி சிறுவருக்குப் புகையிலை கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல். உணவுப் பாதுகாப்புத் துறையிலும் புகார் செய்யுங்கள்.

நான் பள்ளி ஆசிரியர். கழிவறையில் இரண்டு பேர் வைட்னர் முகர்ந்துகொண்டிருந்தார்கள். அதட்டியதும் ஓடினார்கள். துரத்தவா?

தயவுசெய்து வேண்டாம் சார். அந்த ஆவி உள்ளே போன இதயம், பயத்தில் சுரக்கும் அட்ரினலினைத் தாங்காது. துடிப்பு தாறுமாறாகி ஓடும்போதே விழலாம், முதல் தடவை முகர்ந்தவன்கூட. குரல் உயர்த்தாமல் கூப்பிட்டு, காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள். மயங்கினாலோ உளறினாலோ உடனே 108. விசாரணை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

என் மகள் பரீட்சை நேரத்தில் எனர்ஜி டிரிங்க் குடிக்கிறாள்.

டப்பாவிலேயே பொடி எழுத்தில் "குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை" என்று ஆங்கிலத்தில் இருக்கும், காட்டுங்கள். அப்புறம், சீக்கிரம் தூங்கச் சொல்லுங்கள்.

பதினாறு வயது மகன் பைக் கேட்கிறான். எங்கள் தெருவுக்குள் மட்டும்தான்...

தெருவுக்குள் என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். பதினாறில் 50 சிசிக்குள் கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமே லைசென்ஸ். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, அவன் பிடிபட்டால் உங்களுக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை. வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. அவனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இதை அவனையே படிக்கச் சொல்லுங்கள். இரண்டு வருஷம்தானே, சைக்கிளில் போகட்டும்.