நுனிக்காலில் நடக்கும் பிள்ளைக்கு வீட்டுப் பயிற்சி

வணக்கம் அம்மா. 3 வயது மகனுக்குப் பெருமூளை வாதம் (மூளை பாதிப்பால் வரும் அசைவுக் குறைபாடு), இரண்டு கால்களும் இறுகி நுனிக்காலில் நடக்கிறான், பயிற்சி என்றாலே அழுகிறான், ஒரு மாதமாக விட்டுவிட்டோம் என்று எழுதியிருந்தீர்கள். என் மகளோடு நானும் இதே இடத்தில் நின்றிருக்கிறேன்.

அழுகைக்கு வேகமும் ஒரு காரணமாக இருக்கலாம். இறுகிய தசையை வெடுக்கென்று இழுத்தால் இன்னும் முறுக்கிக்கொள்ளும். ஸ்பாஸ்டிசிட்டி என்கிற இந்தத் தசை இறுக்கத்தின் குணமே அது. வெந்நீரில் குளிப்பாட்டிய பிறகு, முழங்காலை நீட்டிவைத்து, குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, பாதத்தை மெதுவாக மேலே கொண்டுபோய் 30 விநாடி பிடித்திருங்கள். வலிக்கும் அளவுக்கு வேண்டாம். விரல்களை மட்டும் தள்ளாதீர்கள், நடுப்பாதம் வளைந்துவிடும்.

இழுப்பது மட்டும் போதாது, கால்களுக்கு வலுவும் வேண்டும். சின்ன ஸ்டூலில் உட்காரவைத்து, தரையில் கிடக்கும் பொம்மையை எடுத்து எழுந்து மேசையில் வைக்கச் சொல்லுங்கள். அவனுக்கு அது விளையாட்டுதான்.

அப்புறம், இடுப்பு எக்ஸ்ரே எடுத்தார்களா? இந்தப் பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு வலியே இல்லாமல் மெல்ல விலகலாம். மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். செலவு பாரமென்றால், பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கவனிக்கும் அரசின் மாவட்ட இடையீட்டு சேவை மையத்தில் பயிற்சி இலவசம்.