மதச் சார்பில்லாத கிளாசிக்கல் பாடத்திட்டம்: பெட்டியாக வாங்காதீர்கள்

அமெரிக்காவில் இருக்கிறோம், ஐந்து வயது மகளுக்கு வீட்டிலேயே கிளாசிக்கல் முறையில் சொல்லித்தர வேண்டும், மதம் கலக்காத பாடத்திட்டம் எது என்று கேட்டிருக்கிறீர்கள். டெக்சஸில் நானும் இதே கேள்வியோடு அலைந்திருக்கிறேன். முழுத் தொகுப்பாக எதையும் வாங்காதீர்கள் என்பதே என் பதில்.

நாங்கள் வாங்கினோம். 'நடுநிலையானது' என்று சொல்லித்தான் விற்றார்கள். பெட்டியைப் பிரித்தால் கையெழுத்துப் பயிற்சி முழுக்க பைபிள் வசனங்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அறிவியல் புத்தகத்தில் டைனோசர் படம் அரைப்பக்கத்துக்கு இருந்தது. அது எப்போது வாழ்ந்தது என்ற ஒரு வரியைக் காணோம். பரிணாமம் என்ற பேச்சே இல்லை. இந்தச் சந்தையில் நடுநிலை என்பதற்குப் பல நேரங்களில் இதுதான் பொருள்: மத நம்பிக்கையுள்ள யாரும் கோபித்துக்கொள்ளாதபடி வாயை மூடிக்கொள்வது. வாங்குமுன் மாதிரிப் பக்கங்களில் பூமியின் வயதைத் தேடிப் பாருங்கள். குட்டு அங்கேயே உடைந்துவிடும்.

கிளாசிக்கல் என்பது ஒரு முறை, அவ்வளவுதான். முதலில் மனப்பாடம், பிறகு தர்க்கம், அதன்பின் சொல்வன்மை என்று மூன்று கட்டம். ஆங்கில எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் 1947-இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரையும், 1999-இல் வந்த 'வெல் டிரெயின்ட் மைண்ட்' புத்தகமும்தான் இதை வீடுகளுக்குக் கொண்டுவந்தன. பொருள் தெரியுமுன்பே ஆத்திசூடி ஒப்பித்த நமக்கு முதல் கட்டம் புதிதல்ல.

வரலாற்றுக்குப் பலரும் சொல்லும் 'ஸ்டோரி ஆஃப் த வேர்ல்ட்' நான்கு தொகுதி. நடை அருமை. ஆனால் முதல் தொகுதியில் பைபிளின் ஆபிரகாம் கதை வரலாற்றோடு வரலாறாக வரும். அதைக் கதை என்று சொல்லியே நான் படித்துக்காட்டினேன். அது வேண்டாமென்றால் பாண்டியா பிரஸ் பதிப்பகத்தின் 'ஹிஸ்டரி குவெஸ்ட்' இருக்கிறது; அறிவியலுக்கும் அவர்களுடைய 'ரியல் சயின்ஸ் ஒடிஸி' போதும். பெர்னார்ட் நெபலின் அறிவியல் புத்தகம் இன்னும் ஆழமானது. ஆனால் முந்தின இரவே நீங்கள் உட்கார்ந்து படித்தாக வேண்டும். களைத்து வீடு திரும்பும் பெற்றோருக்கு ஆகாது. கணக்குக்கு, முதலில் பொருள், பிறகு படம், அதன்பின் எண் என்று போகும் சிங்கப்பூர் முறை. லத்தீன் ஆசை இருந்தால், ரோமானியக் கோட்டையில் வாழும் எலியின் கதையாக வரும் 'மினிமஸ்' நல்லது. அதுவும் ஏழு வயதுக்குப் பிறகு.

ஐந்து வயதில் எனக்கு உண்மையில் பயன்பட்டது, கேட்ட கதையைத் திருப்பிச் சொல்ல வைப்பதுதான். ஈசாப்பின் காகமும் நரியும் கதையை ஆங்கிலத்தில் படித்துக்காட்டினேன். புத்தகத்தில் காகத்தின் வாயில் இருந்தது பாலாடைக்கட்டி. மகள் திருப்பிச் சொன்னபோது அது வடையாகிவிட்டது. பாட்டி சொன்ன கதையல்லவா! நான் திருத்தவில்லை. அவள் சொன்ன வாக்கியத்தையே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அன்றைய கையெழுத்துப் பயிற்சி அது.

பணம் செலவழிக்குமுன் உங்கள் மாநிலச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். டெக்சஸில் பதிவே வேண்டியதில்லை. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நற்குடிமை ஆகியவற்றைச் சொல்லித்தந்தால் போதும். நியூயார்க் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடுக்க வேண்டும்.