புதுப் புத்தகம் தொடங்கும் முன் மென்பொருளை மாற்றலாமா? – கேள்வி பதில்

தமிழ்ப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைப்பதுதான் என் தொழில். அடுத்த புத்தகத்தைப் பழைய மென்பொருளிலேயே செய்வதா, மாறிவிடுவதா என்று பலர் கேட்டிருந்தீர்கள். என்னால் முடிந்த பதில்கள் இவை.

அண்ணா, பல வருடமாக பக்க வடிவமைப்புக்கு பேஜ்மேக்கர் 7 மென்பொருள், பாமினி எழுத்துரு. அடுத்த மாதம் 400 பக்க நாவல் ஒன்று தொடங்குகிறேன். இப்போது இன்டிசைன் மென்பொருளுக்கு மாறலாமா?

மாறுங்கள் தம்பி. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-ல். அதற்குப் பிறகு பெரிய புதிய பதிப்பு எதுவும் வரவில்லை. ஆனால் என்னுடைய காரணம் வேறு. இன்டிசைனில் யூனிகோடில், அதாவது தமிழ் எழுத்தைத் தமிழாகவே கணினியில் சேமிக்கும் முறையில், வேலை செய்யலாம். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் திரையில் தமிழ் தெரியும். கணினிக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஆங்கில எழுத்துகள்தான். அதில் தமிழில் தேட முடியாது, சொல்லடைவை அகர வரிசையில் அடுக்க முடியாது, நாளைக்குப் பதிப்பாளர் மின்னூல் கேட்டால் முதலிலிருந்து வேலை. ஒரு நாவலை இத்தனை உழைத்துச் செய்துவிட்டு அப்படி அடைத்துவைக்க எனக்கு மனம் வராது.

ஒரே நிபந்தனை: முதலில் ஒரு பாரம், 16 பக்கம் மட்டும் செய்து, பிடிஎஃப் எடுத்து, பிரஸ்ஸில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். அதற்கு ஒரு வாரம்கூட இல்லை என்றால் இந்த நாவல் பழையதிலேயே போகட்டும்.

பாமினியில் அடித்ததைக் கன்வர்ட்டரில் போட்டு யூனிகோடாக மாற்றினால் போதாதா? மெய்ப்பு மறுபடியும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். பாமினியில் 'ள'வுக்கும் 'ௌ'வின் பின்பாதிக்கும் ஒரே விசைதான். அதனால் சில கன்வர்ட்டர்கள் 'வெளியீடு' என்பதை 'வௌியீடு' ஆக்கிவிடும். ஒருமுறை நான் செய்த கட்டுரைத் தொகுப்பில் உரிமைப் பக்கத்திலேயே அப்படி அச்சாகிவிட்டது. அந்தப் பக்கத்தைத் திறக்க இன்றும் மனம் கூசுகிறது.

இதற்கு நேர்மாறான பிழை இன்னும் மோசம். 'கௌரவம்' என்பது 'கெளரவம்' ஆகிவிடும்; கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கெளர, மெளன, பெளர்ணமி, செளக்கிய என்று ஒவ்வொன்றாகத் தேடி மாற்றுங்கள். அப்புறம் 'ௌ'வைத் தனியாகத் தேடுங்கள். ஒரு புத்தகத்தில் அது சில இடங்களில்தான் வரும், எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

இன்டிசைனில் யூனிகோடு ஒட்டினால் கொம்பும் காலும் பிரிந்து நிற்கிறது.

இன்டிசைன் சிஎஸ்6 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்றால், பாரா ஸ்டைலில் ஜஸ்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய், எழுத்துகளைச் சேர்த்து வரி அமைக்கும் கம்போசரை 'வேர்ல்ட்-ரெடி' என்று மாற்றுங்கள். அடிப்படை ஸ்டைலிலேயே மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

180 பக்கம் முடித்துவிட்டேன். இன்டிசைனில் புதிய பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றிவிடவா?

வேண்டாம். புதியதில் சேமித்த கோப்பைப் பழையது நேரடியாகத் திறக்காது. பழைய பதிப்பும் படிக்கும் ஐடிஎம்எல் என்ற கோப்பு வடிவமாக ஆக்கித் திறக்கலாம். ஆனால் வரிகள் நகர வாய்ப்புண்டு, பக்க எண்களும் கூடவே மாறும். புத்தகம் அச்சுக்குப் போகும்வரை தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவையுங்கள்.

இன்டிசைனுக்கு மாதச் சந்தா கட்ட முடியாது. ஸ்கிரைபஸ் என்ற இலவச மென்பொருள் போதுமா?

சிறிய புத்தகத்துக்குப் போதும். 2024-ல் வந்த 1.6 பதிப்பில் தமிழ் எழுத்துகள் ஒழுங்காகச் சேர்கின்றன. இதற்கும் அந்த 16 பக்கச் சோதனை உண்டு.

பழைய பேஜ்மேக்கர் கோப்புகளை என்ன செய்வது ஐயா?

சிஎஸ்6 வரையிலான இன்டிசைன் அவற்றைத் திறக்கும். அடுத்து வந்த சிசி பதிப்புகள் திறக்காது. சிஎஸ்6 இருக்கும் கணினி உங்களிடம் இருந்தால், எல்லாவற்றையும் மாற்றி முடிக்கும்வரை அதை விற்றுவிடாதீர்கள்.