"தினமும் குடிகாரர்களோடு உட்கார வேண்டுமே" என்று கவலைப்படும் ஓர் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் உளவியல் பட்டம் முடிக்கப் போகிறாள். அடுத்து போதை மீட்பு ஆலோசகராகப் போகிறேன் என்கிறாள். அதுவும் பெரிய மருத்துவமனையில் இல்லை, சமூக மனநல மையம் ஒன்றில். "தினமும் குடிகாரர்களோடு உட்கார வேண்டுமே, என் பெண் ரொம்ப இளகிய மனசுக்காரி" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதுகாப்பு, சம்பளம், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று வரிசையாகக் கேள்விகள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: அவள் அப்பா குடியை விட்டு ஆறு வருடம் ஆகிறது என்று. நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டியது அதைப் பற்றித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இளகிய மனசு இந்த வேலைக்குத் தடை இல்லை. அவசரம்தான் தடை. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுகிற இடம் ஒன்றுதான்: எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு உடனே நல்லது செய்துவிட வேண்டும் என்று துடிப்பார்கள், புத்தி சொல்லிவிடுவார்கள். குடி குடியைக் கெடுக்கும் என்பது மையத்துக்கு வருகிற எவருக்கும் தெரியாத விஷயமா? உங்களையும் என்னையும் விட அவருக்கு நன்றாகத் தெரியும். கெட்டதைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். முதல் நாள். மனைவி வற்புறுத்தி அனுப்பி ஒருவர் வந்திருக்கிறார். கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்க்கிறார். ஆலோசகர் கேட்கிறார்: "குடியைக் குறைப்பது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்களேன்." அவர் "நாலு" என்கிறார். நாமாக இருந்தால் "ஏன் எட்டு இல்லை?" என்று கேட்டிருப்போம். அவரும் வேலை டென்ஷன், தூக்கம் வரவில்லை, கூட்டாளிகள் என்று காரணங்களை அடுக்கியிருப்பார். அடுக்க அடுக்க அந்தக் காரணங்களை அவரே இன்னும் கொஞ்சம் நம்பத் தொடங்கியிருப்பார். பயிற்சி பெற்றவர் தலைகீழாகக் கேட்பார்: "ஒன்று என்று சொல்லாமல் நாலு என்றீர்களே, ஏன்?" இப்போது அவர் யோசித்தாக வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, "சின்னவ இப்பல்லாம் நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சாலே எழுந்து போயிடறா" என்கிறார். மாறுவதற்கான காரணம் அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. அதன் பிறகு ஆலோசகருக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிய வேண்டும். பயிற்சியில் பாதி அதற்குத்தான்.

இதற்கு ஊக்கமூட்டும் நேர்காணல் என்று பெயர். குடிப் பிரச்சினை உள்ளவர்களோடு பேசிய அனுபவத்திலிருந்து வில்லியம் மில்லர் 1983ல் இதைப் பற்றி எழுதினார். பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து விரிவாக்கினார். அதற்கு முன் பல சிகிச்சை மையங்களில் கத்துவதும், குற்றம் சாட்டுவதும், "நான் ஒரு அடிமை" என்று ஒப்புக்கொள்ளச் செய்வதும்தான் சிகிச்சை என்றிருந்தது. இன்றும் அப்படி நடத்துகிற இடங்கள் உண்டு. உங்கள் மகள் எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் முதலில் கவனிக்க வேண்டியது இதை: அங்கே உள்ளவர்கள் வந்தவர்களிடம் எந்தக் குரலில் பேசுகிறார்கள், அவர்கள் இல்லாதபோது அவர்களைப் பற்றி என்ன சொல் போட்டுப் பேசுகிறார்கள்.

இனிய பேச்சு மட்டும் போதாது. உடம்பைப் பற்றித் தெரியாமல் இந்த வேலைக்கு வரக் கூடாது. வருடக்கணக்காகத் தினமும் நிறையக் குடித்த ஒருவர், "இன்றோடு நிறுத்திவிட்டேன்" என்று கைநடுங்க வந்து நின்றால் கைதட்டக் கூடாது. கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் காய்ச்சல், குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். ஆலோசகர் மருந்து எழுத மாட்டார். ஆனால் கடைசியாக எப்போது குடித்தீர்கள், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்று கேட்டு, அன்றே மருத்துவரிடம் அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும். ஹெராயின் போன்ற ஓபியாய்டுகளில் கதை வேறு. அதை நிறுத்தும்போது படுகிற அவஸ்தையை விட, சில வாரம் விட்டுவிட்டுத் திரும்ப எடுப்பதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், கை மட்டும் பழைய அளவையே எடுக்கும், மூச்சு நின்றுவிடும். சிகிச்சை முடிந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரங்கள் அதனால்தான் பயங்கரமானவை. ஓபியாய்டு அளவு மீறி மூச்சு நிற்கிறவரை மீட்கும் நலோக்சோன் என்ற முறிமருந்தை எப்படிக் கொடுப்பது என்பதும் அவள் கற்க வேண்டியதில் சேரும்.

மருந்து பற்றி இன்னொன்று. ஓபியாய்டு பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சையாகக் கொடுக்கும் மெத்தடோன், பியூப்ரெனார்பின் மருந்துகளை எடுப்பவர்களைப் பார்த்து "ஒரு போதையை விட்டு இன்னொரு போதை" என்று சொல்கிற ஆலோசகர்களை நான் சந்தித்திருக்கிறேன். எனக்குக் கோபம் வரும். இரண்டுமே 2005லிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. உயிரைக் காப்பாற்றுகிற மருந்தை ஒருவர் வெட்கப்பட்டு நிறுத்த நாம் காரணமாகக் கூடாது.

சரி, ஒரு நாள் எப்படிப் போகும்? புதிதாக வந்த ஒருவரிடம் முழு விவரம் கேட்டு மதிப்பீடு செய்வது. அதற்கு உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய குடிப் பழக்கத்தை அளக்கும், 10 கேள்விகள் கொண்ட ஆடிட் (AUDIT) போன்ற படிவங்கள் இருக்கின்றன. 8 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் குடி ஆபத்தான அளவுக்குப் போயிருக்கிறது என்று பொருள். பிறகு பலரோடு சேர்ந்து உட்கார்ந்து பேசுகிற ஒரு குரூப். பிறகு வராதவர்களுக்குப் போன். வீடு இல்லாதவருக்குத் தங்க இடம், வேலை போனவருக்கு ஒரு கடிதம், கணவரைப் பற்றிப் பேச வந்த மனைவிக்கு அரை மணி. சமூக மையத்தில் இதெல்லாம் ஒரே ஆளின் தலையில் விழும். மாலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுத வேண்டும். இந்த எழுத்து வேலையைப் பற்றிக் கல்லூரியில் யாரும் சொல்வதில்லை. பேசுகிற நேரம் போக, எழுதவும் நிறைய நேரம் போகும். பத்து மணிக்கு வர வேண்டியவர் வராமல் போவது தினசரி நடப்பு. அவர் பதினொன்றே முக்காலுக்கு வாடையோடு வந்து நிற்பதும் நடக்கும்.

அப்படி வந்து நிற்பவரை எப்படிப் பார்க்கிறாள் என்பதில்தான் உங்கள் மகள் இந்த வேலைக்கு ஏற்றவளா என்பது தெரியும். வீட்டில் இருப்பவர்கள் "வேதாளம் திரும்ப முருங்கை மரம் ஏறிடுச்சு" என்பார்கள். அவர்கள் பட்டது அவ்வளவு, சொல்லட்டும். ஆலோசகர் அப்படி நினைக்கக்கூட முடியாது. சிகிச்சைக்குப் பின் திரும்பப் பழக்கத்துக்குப் போகிறவர்கள் 40 முதல் 60 சதவீதம் என்று அமெரிக்காவின் தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் சொல்கிறது. ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா நோயாளிகளிடம் காண்கிற அளவுக்கு இதை ஒப்பிடலாம் என்றும் சொல்கிறது. ரத்தக் கொதிப்பு ஏறி வந்தவரை எந்த மருத்துவரும் "உன்னை நம்பினேனே" என்று திட்டுவதில்லை. மருந்தை மாற்றுகிறார், என்ன நடந்தது என்று கேட்கிறார். இங்கேயும் அதுதான் வேலை: எந்த நேரம், யார் கூட இருந்தார்கள், அதற்கு முந்தைய மணி நேரம் மனசு எப்படி இருந்தது. குடித்துவிட்டும் அவர் மையத்துக்குத்தான் வந்தார் என்பது சின்ன விஷயம் இல்லை.

உங்கள் மற்றக் கேள்விகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பாதுகாப்பு: வருகிறவர்களில் பலர் கோபத்தை விட வெட்கத்தோடுதான் வருகிறார்கள். ஆனாலும் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். கதவுக்குப் போகும் வழியை நாற்காலியால் அடைக்காமல் உட்காருவது, கட்டடத்தில் தனியாக இருக்கும் நேரத்தில் யாரையும் பார்க்காமல் இருப்பது, போதையில் கத்துகிறவரை எப்படித் தணிப்பது என்று எல்லாவற்றுக்கும் முறை உண்டு. அந்த முறை எழுத்தில் இல்லாத மையத்தில் சேர வேண்டாம். சம்பளம்: சுமார்தான். தனியார் மருத்துவமனையை விடச் சமூக மையத்தில் குறைவாகவே இருக்கும். அதனால் பட்டத்தோடு நிற்காமல் முதுகலையும், வேலை செய்யப் போகிற நாட்டின் விதிப்படியான உரிமமும் வாங்கச் சொல்லுங்கள். பிற்பாடு மனநலத் துறையின் வேறு பக்கங்களுக்கும் போகக் கதவு திறந்திருக்கும். உரிமத்துக்குப் பல இடங்களில் அனுபவசாலி ஒருவரின் மேற்பார்வையில் ஆயிரக்கணக்கான மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த நாலு பேரில் ஒருவர் வீட்டிலாவது இந்தப் பிரச்சினை இருக்கும், அவர் ரகசியமாகப் போன் செய்வார் என்று மட்டும் சொல்வேன். அப்போதும் யார் வந்தார்கள் என்று மகளிடம் கேட்காதீர்கள். அவளால் சொல்ல முடியாது. போதை சிகிச்சைப் பதிவுகளின் ரகசியத்தைக் காப்பதற்கென்றே அமெரிக்காவில் 1970களில் தனிச் சட்டம் வந்தது. ஊர் தெரிந்துவிடும் என்ற பயத்திலேயே பலர் சிகிச்சைக்கு வராமல் இருந்துவிடுகிறார்கள்.

இப்போது அந்த ஒரு வரி.

அப்பா குடித்ததைப் பார்த்து வளர்ந்த பெண் இந்தத் துறைக்கு வருவதில் தவறு எதுவும் இல்லை. தாங்களே குடித்து மீண்டவர்கள்கூட நிறையப் பேர் இங்கே நல்ல ஆலோசகர்களாக இருக்கிறார்கள். ஆனால் சிகிச்சைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் யாரோ ஒரு பெண்ணின் அப்பாவாக இருப்பார்கள். "என் அப்பாவால் முடிந்ததே, உங்களால் ஏன் முடியவில்லை" என்று அவளுக்குள் ஒரு குரல் கேட்கும். இல்லையென்றால், அப்பாவுக்கு அப்போது செய்ய முடியாமல் போனதையெல்லாம் இந்த மனிதருக்குச் செய்துவிடலாம் என்று ராத்திரி பத்து மணிக்கும் போனை எடுப்பாள். இரண்டும் வரும். வருவது குற்றம் இல்லை. வாரம் ஒருமுறை மேற்பார்வையாளரிடம் அதை வாய்விட்டுச் சொல்கிறாளா என்பதுதான் முக்கியம். வேலைக்கான நேர்காணலில் அவள் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: "இங்கே எனக்கு மேற்பார்வை தருவது யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை?" பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த இடம் பார்க்கலாம். அப்புறம் ஒன்று: என்ன படித்தாலும் அவள் தன் அப்பாவுக்கு ஆலோசகர் ஆக முடியாது. வீட்டில் அவள் மகள்தான். நீங்களும் அவளிடம் அந்த வேலையைக் கொடுத்துவிடாதீர்கள்.

முதுகலைக்கு விண்ணப்பிக்கும் முன் அவள் ஒரு மூன்று மாதம் ஏதாவது மையத்தில் தன்னார்வலராக இருந்து பார்க்கட்டும். அதற்கும் முன்னால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் திறந்த கூட்டம் ஒன்றுக்குப் போகலாம். 1935ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடியிலிருந்து மீள முயன்ற இருவர் தொடங்கியது. திறந்த கூட்டங்களுக்குக் குடிப் பிரச்சினை இல்லாதவர்களும் போய்ப் பின்வரிசையில் உட்காரலாம். குறிப்பு எடுக்க வேண்டாம், பேசவும் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் "என்ன முடிவு செய்தாய்?" என்று கேட்காதீர்கள், விட்டுவிடுங்கள்.

குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்று தனி அமைப்பு இருக்கிறது, 1951லிருந்து. ஆறு வருடமாக அவர் குடிக்கவில்லை. ஆனால் ஆறு வருடமாக ஒவ்வொரு மாலையும் வாசல் கதவுச் சத்தத்துக்கு நீங்கள் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறீர்களோ என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோது தோன்றியது. மகள் தன் கூட்டத்துக்குப் போகிற வாரம் நீங்களும் அல்-அனான் கூட்டம் ஒன்றுக்குப் போய் வாருங்கள். தனியாகப் போங்கள், அவளைத் துணைக்குக் கூப்பிடாமல்.