எண்ணெய் குடித்த சிமெண்ட் தரை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டின் பின்கட்டை ஒட்டி, அப்பச்சி காலத்தில் போட்ட கார் ஷெட் ஒன்று இருக்கிறது. முப்பது ஆண்டுகளாகக் கார் நின்ற இடத்தில் ஆயில் கறை கன்னங்கரேலென்று படிந்து கிடக்கிறது. அடுத்த மாதம் அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் எண்பதாம் கல்யாணம். சமையலையும் ஒரு பந்தியையும் அந்த ஷெட்டில் வைத்துக்கொள்ள நினைக்கிறோம். ஆசிட் ஊற்றினால் ஒரே நாளில் போய்விடும் என்கிறார் கொத்தனார். எங்களுக்குத் தயக்கமாக இருக்கிறது. மெஷின் இல்லாமல், கையால் தேய்த்தே சுத்தம் செய்ய முடியுமா?
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: கட்டாயம் முடியும் ஆச்சி. ஆசிட் பாட்டிலை மட்டும் ஷெட்டுக்குள் வர விடாதீர்கள்.

கொத்தனார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆசிட் விழுந்த இடத்தில் நுரை பொங்குவதைப் பார்ப்பவர்களுக்கு அழுக்குதான் கழன்று வருகிறது என்று தோன்றும். உண்மையில் கரைவது சிமெண்ட். சிமெண்ட் காரத்தன்மை உடையது. கடையில் ஆசிட் என்று விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டதும் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து கரைந்து, கரியமில வாயு நுரையாக வெளியேறுகிறது. எண்ணெயோ அமிலத்துக்கு அசைந்து கொடுக்காது. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு ஷெட்டில் ஒருவர் பேச்சைக் கேட்டு இதைச் செய்து பார்த்தோம். மறுநாள் தரை திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது. விரலால் தேய்த்தால் மணல் உதிர்ந்து கோலமாவு போல விரல் நுனியில் ஒட்டியது. கறுப்புக் கறை மட்டும் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. படியோரம் தெறித்த சில துளிகளால் ஆத்தங்குடிக் கல்லின் பூவில் இரண்டு இதழ்கள் நிறமிழந்து போனதுதான் இன்றுவரை எனக்கு ஆறாத வருத்தம். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதன்று. வண்ணப் பொடி கலந்த சிமெண்டைக் கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. ஆகவே சிமெண்டைத் தின்னும் எதுவும் அதையும் தின்னும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் பக்கத்தில் பலர் தண்ணீர்த் தொட்டியைக் கார் ஷெட்டுக்கு அடியில்தான் கட்டியிருக்கிறார்கள். உங்கள் ஷெட்டிலும் அப்படியிருந்தால், தொட்டியின் மேல்மூடி கம்பி கட்டிய கான்கிரீட்டாக இருக்கும். அமிலத்தோடு உள்ளே இறங்கும் குளோரைடு அந்தக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் நெடுங்காலமாக ஆராய்ந்து வரும் துறைகளுள் உலோக அரிமானமும் ஒன்று. குளோரைடு கம்பிக்குப் பகை என்பது அங்கே பாலபாடம்.

இனி வேலைக்கு வருவோம். வழவழவென்று தெரிந்தாலும் கான்கிரீட் நுண்துளைகள் நிறைந்தது. ஆயிலை உறிஞ்சி உள்ளே வைத்திருக்கிறது. எனவே உள்ளே போனதை வெளியே இழுப்பதுதான் வேலை. எடுத்தவுடன் தண்ணீரை ஊற்றிவிட வேண்டாம். முதல் நாள் முழுவதும் உலர்ந்த வேலை மட்டும் நடக்கட்டும். மண்ணும் கிரீஸும் சேர்ந்து அடையாகக் காய்ந்திருப்பதைப் பழைய தோசைத் திருப்பியால் சுரண்டி எடுங்கள். பிறகு தச்சுப் பட்டறையிலிருந்து ஒரு சாக்கு மரத்தூள் வாங்கி வந்து, கறையின் மேல் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கொட்டி, செருப்புக் காலால் நன்றாக மிதித்து அழுத்தி, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் கூட்டும்போது தூள் கறுத்திருந்தால், கறுப்பு குறையும் வரை புதுத் தூளைப் போட்டு மாற்றிக்கொண்டே இருங்கள். இந்தப் பொறுமைதான் பாதி வேலையை முடிக்கிறது.

அடுத்தது சோடா. இங்கே பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். சலவைச் சோடா சமையல் எண்ணெயையும் நெய்யையும் சோப்பாக மாற்றிக் கழற்றிவிடும். ஆனால் வண்டி ஆயில் மண்ணிலிருந்து எடுக்கும் கனிம எண்ணெய் என்பதால் அது சோப்பாக மாறாது. அதைச் சிறு சிறு துளிகளாக உடைத்துத் தண்ணீரோடு சேர்த்து மிதக்கவிட டிடர்ஜெண்டும் வேண்டும். விளக்குக்கும் உருளிக்கும் போடும் சீயக்காய்த் தூள் இந்தக் கறைக்குப் போதாது. நான்கு லிட்டர் கொதிநீரில் இரண்டு கைப்பிடி சலவைச் சோடாவையும் ஒரு கைப்பிடி சலவைத் தூளையும் கரைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் கையுறை அவசியம். சோடாக் கரைசல் தோலை அரிக்கும். முழு ஷெட்டையும் ஒரே மூச்சில் நனைக்காமல், மூன்றடிக்கு மூன்றடி என்று எடுத்துக்கொண்டு, சூடு ஆறுவதற்குள் கரைசலை ஊற்றி, கால் மணி நேரம் காயாமல் ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷாலோ தென்னை நார் பிரஷ்ஷாலோ தேயுங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். பிறகு வெள்ளை நுரை மெல்ல டிகாக்ஷன் நிறத்துக்குத் திரும்பும். எண்ணெய் கிளம்பிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். உடைந்த கம்பித் துணுக்குகள் தரையில் சிக்கி, பின்னால் துருப்புள்ளிகளாகத் தெரியும்.

அந்தக் கறுத்த நீரை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வாய்க்காலில் தள்ளிவிடாதீர்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மழை பெய்தால் தெருவில் ஓடும் நீர் ஊருணிக்குப் போய்ச் சேரும்படி வாய்க்கால் அமைத்து வாழ்ந்த ஊர்கள் நம்முடையவை. வளவில் விழும் மழையைக்கூட வீணாக்காமல் அண்டாவில் பிடித்தவர்கள் நம் ஆயாக்கள். நுரையின் மேலேயே மரத்தூளைத் தூவி ஒற்றி, முறத்தால் அள்ளிச் சாக்கில் கட்டி, மூட்டையை வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ வைக்காமல் தனியே வையுங்கள். அதன் பிறகு ஈரத் துணியால் இரண்டு முறை துடைத்தால் போதும். டப்பாவில் பழைய ஆயில் மிச்சம் இருந்தால், பழைய ஆயிலைச் சேர்த்துக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் ஒப்படையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நடுவில் ஒரு தட்டு அளவுக்குக் கறை நிற்கக்கூடும். அதற்குப் பத்துப் போட வேண்டும். மலிவான டால்கம் பவுடரை அதே சோடாக் கரைசலில் இட்லி மாவுப் பதத்துக்குக் குழைத்து, அரை அங்குலக் கனத்துக்கு அப்பி, மேலே பிளாஸ்டிக் தாளைப் போட்டு ஒரு நாள் மூடி வையுங்கள். மறுநாள் தாளை எடுத்துவிட்டுத் தானாகக் காய விடுங்கள். பத்து காயும்போது துளைகளில் உள்ள ஈரம் எண்ணெயோடு மேலேறிப் பொடியில் வந்து நிற்கும். சுரண்டி எடுத்தால் அடிப்பக்கம் பழுப்பேறியிருப்பதைப் பார்க்கலாம். இரண்டு மூன்று முறை போட்டாலும் முப்பது ஆண்டுக் கறை அடியோடு மறையும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். கையில் ஒட்டாத, வாடை அடிக்காத, வழுக்காத தரை கிடைக்கும். பந்திக்கு அது போதும்.

சமையலும் அங்கேதான் என்று எழுதியிருப்பதால், மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றித் துடைக்கும் யோசனையை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். அவை ஆயிலை நீர்க்கச் செய்து இன்னும் ஆழத்துக்கு இறக்கிவிடும். தீ விபத்துக்கும் வழி. விறகடுப்பு வைப்பதானால், வெறும் தரையில் வைக்காமல் கீழே மணல் பரப்பிச் செங்கல் அடுக்கி அதன் மேல் வையுங்கள். கான்கிரீட்டுக்குள் தங்கியிருக்கும் ஈரம் திடீர்ச் சூட்டில் நீராவியாகி, மேல்பரப்பைச் சில்லுச் சில்லாகத் தெறிக்க வைக்கும்.

கேள்வி: எங்கள் ஷெட் தரையில் ஜாக்கியும் பழைய இரும்புப் பெட்டியும் இருந்த இடங்களில் துருக்கறை படிந்திருக்கிறது. ப்ளீச்சிங் பவுடர் போட்டும் போகவில்லை.
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: துருவை ப்ளீச்சிங் பவுடர் எடுக்காது. எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அறுத்து, கறையின் மேல் மட்டும் பிழிந்து, பத்து நிமிடம் கழித்துப் பிரஷ்ஷால் தேயுங்கள். இதுவும் அமிலம்தானே என்று நீங்கள் கேட்கலாம். அமிலம்தான், ஆனால் வலுக்குறைந்தது. அதனால்தான் கறையைத் தாண்டிப் பரவ விடாமல், அதிக நேரம் ஊறவிடாமல், தேய்த்து முடித்ததும் சோடா கலந்த நீரால் துடைத்துவிடச் சொல்கிறேன். ஆத்தங்குடிக் கல்லில் இதைச் செய்யவே கூடாது. நீங்கள் ஏற்கெனவே போட்ட ப்ளீச்சிங் பவுடரை முழுவதும் கழுவித் துடைத்து, தரை நன்றாகக் காய்ந்த பிறகே எலுமிச்சையைத் தொடுங்கள். ப்ளீச்சிங் பவுடரோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவடைத்த ஷெட்டில் அது மூச்சை அடைத்துவிடும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போடும் பழக்கம் எந்த வீட்டில் இருந்தாலும் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: கறையே இல்லாத இடத்திலும் உப்புப் போல வெள்ளையாகப் பூக்கிறது. கழுவக் கழுவ மீண்டும் வருகிறது. ஏன்?
– ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: கழுவுவதால்தான் வருகிறது. மண்ணின் ஈரம் கான்கிரீட் வழியே மேலேறும்போது அதிலுள்ள உப்புகளையும் கூடவே கொண்டுவந்து, மேலே வந்ததும் தான் ஆவியாகி உப்பை விட்டுவிட்டுப் போகிறது. நீங்கள் தண்ணீர் ஊற்றினால் அது கரைந்து மறுபடியும் உள்ளே இறங்குகிறது. வெயிற்காலத்தில், தரை முழுவதும் காய்ந்திருக்கும் மதிய வேளையில், உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ளி எறியுங்கள். ஷெட்டை ஒட்டிப் பூச்செடிகளுக்குத் தண்ணீர் தேங்குகிறதா, கூரைத் தண்ணீர் அடிச்சுவரின் ஓரத்தில் விழுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.