‘பீடி’யின் பீயும் ‘பீர்க்கங்காயின்’ பீயும்

உங்கள் மாலை வகுப்பில் ஆங்கிலம் கற்பவர்கள் B, P எழுத்துகளை மாற்றிப் படிக்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். ஆங்கில நெடுங்கணக்கின் 2-ஆம் எழுத்தான B-யையும் 16-ஆம் எழுத்தான P-யையும் ஒரே வாரத்தில் கற்பிக்காதீர்கள். முதலாவது கையில் நன்றாகப் படிந்த பிறகே அடுத்ததை எடுங்கள். திருநெல்வேலி மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் உங்கள் மாலை வகுப்புப் பெண்கள், தமிழைத் தடையின்றிப் படித்தும் இவ்விரண்டையும் மாற்றிப் படிப்பதற்கு மறதி காரணமன்று.

தமிழில் இந்த இரண்டு ஒலிகளுக்கும் ‘ப’ ஒன்றுதான். ‘பம்பரம்’ என்ற சொல்லிலேயே முதல் பகரம் வன்மையாகவும், மகரத்தை அடுத்து வருவது மென்மையாகவும் ஒலிக்கின்றன. இடம் பார்த்து ஒலித்துப் பழகிய நமக்கு எழுத்தைப் பார்த்து வேறுபடுத்தும் தேவை வந்ததில்லை. போதாக்குறைக்கு, அந்த ஆங்கில எழுத்துகள் இரண்டின் பெயரையும் ‘பி’ என்றே எழுதிவைத்திருக்கிறோம்.

தொண்டையில் விரல் வைத்து ‘பீடி’, ‘பீர்க்கங்காய்’ என்று சொல்லச் சொல்லுங்கள். முதற்சொல்லில் உதடு பிரியும் முன்பே அதிர்வு தெரியும். பிறகு பஸ், பேப்பர், பல்பு, பென்சில் என்று நீங்கள் வாயால் சொல்ல, அவர்கள் இரண்டு தட்டுகளில் புளியங்கொட்டையைப் பிரித்துப் போடட்டும். காது சரியாகப் பிரித்தால் குழப்பம் வடிவில்தான் இருக்கிறது. அப்போது சிறிய எழுத்தைத் (b, p) தள்ளிவைத்துப் பெரிய எழுத்தில் (B, P) தொடங்குங்கள், அதில் B-க்கு இரண்டு வயிறு, P-க்கு ஒன்றே.

ஆனால் நாற்பதைக் கடந்தவர்களுக்கு கிட்டத்தில் உள்ள எழுத்து மங்கித் தெரியும் வெள்ளெழுத்தும் இருக்கலாம். தாளைக் கைநீட்டிப் பிடித்துப் படிப்பவரை முதலில் கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.